412 மருந்து இருக்கும் அலமாரியை எப்படிக் குறைப்பது?

கணக்குப்பிள்ளை எழுதியது:

வணக்கம். நான் மருத்துவம் படித்தவள் இல்லை, கணக்குப் படித்தவள். ஒரு சின்ன அறக்கட்டளை மருத்துவமனையில் கணக்கையும் கொள்முதலையும் பார்த்துக்கொள்கிறேன். போன மாதம் அங்கே மருந்துத் தேர்வுக் குழு என்று ஒன்று போட்டார்கள். மூன்று டாக்டர்கள், ஒரு நர்ஸ், ஒரு மருந்தாளுநர். கூட்டக் குறிப்பு எழுத ஆள் வேண்டுமே என்று என்னைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள்.

ஸ்டாக் பதிவேட்டை எண்ணிப் பார்த்தேன். 412 வரிசைகள். பாதிப் பொருட்களுக்கு மேல் மூன்று மாதமாக யாரும் தொடவே இல்லை. அலமாரியின் ஒரு தட்டு முழுக்க எக்ஸ்பைரி நெருங்கிய டானிக் பாட்டில்கள். போன வாரம் ஒரு நோயாளிக்கு ஊசி போட்டதும் ஒவ்வாமை வந்து மூச்சுத் திணறியது. ஓடிப்போய்ப் பார்த்தால் அட்ரீனலின் ஒரு ஆம்பூல்கூட இல்லை. பக்கத்து வார்டின் அவசரப் பெட்டியில் இருந்ததை எடுத்து வந்து சமாளித்தோம். 412 மருந்து இருந்தும் அந்த நேரத்தில் தேவைப்பட்ட ஒன்று இல்லை.

நிர்வாகம் "பட்டியலைக் குறையுங்கள்" என்கிறது. டாக்டர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலை அப்படியே பிரதி எடுத்து ஒட்டிவிடலாமா? இல்லையென்றால் எங்கிருந்து தொடங்குவது?

தலைப்பிரட்டை எழுதியது:

முதல் ஆட்சேபம் என்னுடையது. "அத்தியாவசியம்" என்று அழகாகப் பெயர் வைத்து, இலவசமாக வைத்தியம் பார்க்க வருகிறவர்களுக்குப் பழைய, மலிவான மருந்தோடு நிறுத்திக்கொள்ளும் ஏற்பாடுதானே இது? காசு உள்ளவனுக்கு 412, இல்லாதவனுக்கு 100. டாக்டர் கையைக் கட்டிப்போட்டுவிட்டு நல்ல வைத்தியத்தை எதிர்பார்ப்பது எப்படி?

பழையஉரல் எழுதியது:

மருந்தகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் நின்று கால் வீங்கியவன் என்ற உரிமையில் பேசுகிறேன்.

தலைப்பிரட்டை கேட்டது நியாயமான சந்தேகம். 1977-இல் முதல் பட்டியல் வந்தபோதும் இதைத்தான் கேட்டார்கள். அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1975-இல், உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை இயக்குநராக இருந்த ஹால்ஃப்டான் மாலர் உலக சுகாதாரப் பேரவையில் இந்த விஷயத்தை எடுத்தார். பல நாடுகளில் சந்தையில் ஆயிரக்கணக்கான மருந்துகள் கிடந்தன, அடிப்படை மருந்தோ பெரும்பாலான மக்களுக்குக் கிடைக்கவில்லை. முதல் பட்டியலில் இருந்தவை ஏறத்தாழ 200 மருந்துகள். அதற்கும் முன்பே, 1970-களின் தொடக்கத்தில், இலங்கையில் பேராசிரியர் சேனக பிபிலே இதே வேலையைச் செய்து காட்டிவிட்டார். தேவையான மருந்துகளை மட்டும் தேர்ந்தெடுத்து, வேதிப் பெயரில் எழுதி, மொத்தமாக வாங்குவது அவருடைய வழி.

பட்டியல் என்றால் பழைய மருந்து என்பது சரியில்லை. 2002-இல் எச்ஐவி மருந்துகள் பலவற்றைச் சேர்த்தார்கள். அன்றைக்கு அவை எட்டாத விலையில் இருந்தவை. அதுவரை "மலிவாக இருந்தால்தான் பட்டியல்" என்று ஒரு எண்ணம் இருந்தது. அந்த வருஷத்தோடு அது தலைகீழானது: தேவையானது என்று முதலில் முடிவு செய், விலையைக் குறைக்கும் வழியைப் பிறகு தேடு. 2015-இல் ஹெபடைடிஸ் சி மருந்தான சோஃபோஸ்புவிர் வந்தது, ரத்தப் புற்றுநோய்க்கான இமாடினிப் வந்தது. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை திருத்துகிறார்கள். இப்போது 500-ஐத் தாண்டி நிற்கிறது.

அம்மா, அந்த 500-ஐ உங்கள் அலமாரியில் ஒட்ட வேண்டாம். அது ஒரு மாதிரி, அவ்வளவுதான். அதில் புற்றுநோய் மருந்து இருக்கிறது, பாம்புக்கடி மருந்து இருக்கிறது, மயக்க மருந்து இருக்கிறது. உங்களிடம் எந்த நோயோடு வருகிறார்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள். நோய்ப் பட்டியல் முதலில், அப்புறம் அந்த நோய்க்கான சிகிச்சை முறை, அதற்கும் பிறகுதான் மருந்துப் பட்டியல். எல்லோரும் கடைசியிலிருந்து தொடங்குவதால்தான் சண்டை வருகிறது.

இன்னொன்று, 412 வரிசை என்றீர்களே, அவை 412 மருந்துகளா, 412 பிராண்டுகளா?

கணக்குப்பிள்ளை எழுதியது:

ஐயா, உங்கள் கடைசிக் கேள்வியைப் படித்துவிட்டு நேற்று ராத்திரியே உட்கார்ந்தேன். பிராண்டுப் பெயரை எல்லாம் அடித்துவிட்டு வேதிப் பெயரை எழுதினேன். பாராசிட்டமால் மட்டும் ஒன்பது பெயர்களில் இருக்கிறது. அமிலத்துக்கான பான்டோபிரசோல், ஒமிபிரசோல், ரேபிபிரசோல், எசோமிபிரசோல் என்று ஒரே குடும்பம் நான்கு பெயரில், ஒவ்வொன்றும் மூன்று பிராண்டில். எல்லாம் முடிந்து கூட்டினால் 231. ஒரு மருந்தையும் நீக்காமலேயே 181 வரிசைகள் போய்விட்டன!

இரவுப்பணி எழுதியது:

டாக்டராக இருப்பதால் அடி வாங்கவும் தயாராகவே வருகிறேன். பிராண்டை அடிப்பது காகிதத்தில் சுலபம். ஜெனரிக் (மூல நிறுவனம் அல்லாத மற்றவர்கள் செய்யும் அதே மருந்து) என்றால் 80 முதல் 125 சதவீதம் வரை இருக்கலாம் என்று விதியே இருக்கிறது. அதாவது ஒரு மாத்திரையில் 20 சதவீதம் குறைவாக இருக்கலாம். என் நோயாளிக்கு பிரஷர் கட்டுப்படவில்லை என்றால் அவர் திட்டப்போவது உங்கள் குழுவை இல்லை, என்னை.

பழையஉரல் எழுதியது:

டாக்டர் தம்பி, இந்த 80–125 கதையை நானே பல வருஷம் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாத்திரைக்குள் எவ்வளவு மருந்து இருக்கிறது என்பதைப் பற்றிய விதி இல்லை அது. அதற்கு மருந்துகளின் தரத்தை வகுக்கும் மருந்துநூலில் அளவு தனியாக உண்டு, பெரும்பாலான மாத்திரைகளுக்கு அது 100-ஐ ஒட்டிய குறுகிய வரம்பு. 80–125 என்பது மருந்து ரத்தத்தில் எவ்வளவு ஏறுகிறது என்பதன் கணக்கு. ஆரோக்கியமான ஆட்கள் சிலருக்கு ஒரு நாள் மூல மருந்து, இன்னொரு நாள் ஜெனரிக் கொடுத்து, மணிக்கணக்காக ரத்தம் எடுக்கிறார்கள். உச்ச அளவு எவ்வளவு, மொத்தமாக உடம்புக்குள் போனது எவ்வளவு என்று இரண்டின் விகிதத்தையும் பார்க்கிறார்கள். அந்த விகிதத்தின் சராசரி மட்டும் 80-க்கும் 125-க்கும் நடுவில் இருந்தால் போதாது. சராசரியைச் சுற்றிய 90 சதவீத நம்பக இடைவெளி (உண்மையான சராசரி இருக்கக்கூடிய எல்லை), அதன் இரண்டு முனைகளும், உள்ளே அடங்க வேண்டும். ஆளுக்கு ஆள் வேறுபாடு இருப்பதால் அந்த இடைவெளி எப்போதும் கொஞ்சம் அகலமாகத்தான் இருக்கும். ஆகவே சராசரி 82-இல் நிற்கிற மருந்து பெரும்பாலும் தேறவே தேறாது, கீழ் முனை வெளியே போய்விடும். தேற வேண்டுமென்றால் சராசரி 100-க்குப் பக்கத்தில் இருந்தாக வேண்டும். அமெரிக்காவில் 1996 முதல் 2007 வரை அனுமதி வாங்கிய ஜெனரிக்குகளின் 2,070 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மூல மருந்துக்கும் ஜெனரிக்குக்கும் இடையே சராசரி வேறுபாடு சுமார் 4 சதவீதம். மூல மருந்தின் ஒரு தொகுதிக்கும் அடுத்த தொகுதிக்கும் நடுவிலேயே கொஞ்சம் ஏற்ற இறக்கம் இருக்கிறது.

நீங்கள் பயப்பட வேண்டிய இடம் வேறு. இரண்டு இடம்.

ஒன்று, விளிம்பில் நடக்கிற மருந்துகள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், வலிப்புக்கான ஃபெனிட்டோயின், இதயத்துக்கான டிகாக்சின், தைராய்டுக்கான லெவோதைராக்சின். கொஞ்சம் கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. இவற்றில் ஒரு தயாரிப்பை ஆரம்பித்தால் அதிலேயே நிற்பது நல்லது. மாற்ற வேண்டி வந்தால் ரத்தப் பரிசோதனையோடு மாற்றுங்கள். வலிப்பு மருந்துக்கு மாதா மாதம் வேறு வேறு பெட்டி கொடுக்கிற மருந்தகத்தை நானும் பார்த்திருக்கிறேன்.

இரண்டு, தரம். காகிதத்தில் தேறிய மருந்து தொழிற்சாலையிலும் தேற வேண்டும். 1937-இல் அமெரிக்காவில் சல்ஃபனிலமைடு என்ற கிருமிக்கொல்லி மருந்தை டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சுத் திரவத்தில் கரைத்து விற்று நூற்றுக்கும் மேல் செத்தார்கள். அதே நஞ்சு 2022-இல் காம்பியாவில் குழந்தைகளின் இருமல் மருந்தில் வந்தது. 85 வருஷம் இடைவெளி, அதே திரவம். ஆகவே ஜெனரிக் வாங்கும்போது ஒவ்வொரு தொகுதிக்கும் பகுப்பாய்வுச் சான்றிதழ் கேளுங்கள், கேட்ட பிறகு அதைத் திறந்து படியுங்கள். இதைப் பிராண்டுக்கும் செய்ய வேண்டும். பெட்டியில் பெரிய பெயர் இருந்தால் யாரும் கேட்பதில்லை என்பதுதான் என் அனுபவம்.

இரவுப்பணி எழுதியது:

நம்பக இடைவெளி விஷயத்தைக் கல்லூரியில் படித்துத் தேர்வும் எழுதினேன். பரீட்சைத் தாளோடு அது போய்விட்டது போல. சரி, ஒப்புக்கொள்கிறேன். வலிப்பு மருந்தைக் குழுவில் தனியாகக் குறித்துவையுங்கள், கணக்குப்பிள்ளை.

முன்னாள்ரெப் எழுதியது:

இந்த இழையில் எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நான் ஒரு மருந்து நிறுவனத்தில் ரெப்பாக, அதாவது டாக்டர்களிடம் மருந்தை எடுத்துச் சொல்லும் விற்பனைப் பிரதிநிதியாக, இருந்தவன். பெயர் வேண்டாம்.

உங்கள் அலமாரியில் 412 எப்படி வந்தது என்று நான் சொல்கிறேன். அதில் கொஞ்சம் நான் வைத்தது. நாங்கள் டாக்டரிடம் போய் "பழையது வேலை செய்யாது" என்று சொல்லவே மாட்டோம், அப்படிச் சொன்னால் அவர் எதிர்த்துப் பேசுவார். "சார், இது புது மாலிக்யூல், இன்னும் பத்து நோயாளிக்குக் கொடுத்துப் பாருங்கள்" என்போம். பத்தில் எட்டுப் பேருக்குத் தானாகவே சரியாகிவிடும் நோயாகப் பார்த்துச் சொல்வோம். சளி, முதுகுவலி, களைப்பு. எட்டுப் பேரும் திரும்பி வந்து நன்றி சொல்வார்கள். டாக்டருக்கு நம்பிக்கை வந்துவிடும்.

நான் ஒரு நாளும் எடுத்துக்கொண்டு போகாத மருந்து ஒன்று உண்டு, மக்னீசியம் சல்ஃபேட். கர்ப்பிணிகளுக்கு ரத்த அழுத்தம் ஏறி வருகிற வலிப்புக்கு அதைவிட நல்ல மருந்து இன்றுவரை இல்லை. 1995-இல் 1,687 பெண்களை வைத்துப் பல நாடுகளில் நடந்த ஆய்வில், மறுபடி வலிப்பு வருவது டயசிபாமைவிட 52 சதவீதமும் ஃபெனிட்டோயினைவிட 67 சதவீதமும் குறைந்தது. வெறும் உப்பு, காப்புரிமை கிடையாது, லாபமும் கிடையாது. எந்த ரெப்பின் பையிலும் அது இருக்காது. பட்டியல் போடுகிறவர்கள் யாராவது நினைத்து வைத்தால்தான் அது அலமாரிக்கு வரும்.

தலைப்பிரட்டை எழுதியது:

ரெப் சொன்னது உறைத்தது. ஆனாலும் "புதியது எல்லாம் ஏமாற்று" என்று ஒரு குரல் இந்த இழையில் ஓடுகிறது. புது மருந்து வராவிட்டால் நாம் இன்னும் பாதரசம் கொடுத்துக்கொண்டிருப்போம்.

இரவுப்பணி எழுதியது:

அந்தக் குரலுக்கு நானும் உடன்பாடில்லை. புதிதா பழசா என்று கேட்பதில் பயனில்லை. எதை மாற்றிக் காட்டியது என்று கேட்க வேண்டும்.

எங்களுக்குப் பாடம் நடத்திய பேராசிரியர் ஒருவர் அடிக்கடி சொல்லும் ஆய்வு, காஸ்ட் (CAST). மாரடைப்பு வந்தவர்களுக்கு இடையிடையே இதயத் துடிப்பு தப்பும். தப்பும் துடிப்பு அதிகமானவர்கள் அதிகம் சாகிறார்கள் என்பது தெரிந்த விஷயம். என்கைனைடு, ஃபிளெகைனைடு கொடுத்தால் ஈசிஜி அழகாகிவிடும், தப்புத் துடிப்பு காணாமல் போகும். எல்லோரும் எழுதினார்கள். 1989-இல் ஒப்பிட்டுப் பார்த்தபோது, மருந்து சாப்பிட்டவர்களில் சாவு வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல். காகிதத்தில் இதயம் சரியாகிக்கொண்டிருந்தது, ஆள் போய்க்கொண்டிருந்தார்.

அதனால் குழுவில் ஒரு மருந்தைப் பற்றி யாராவது "சுகரைக் குறைக்கிறது, கொழுப்பைக் குறைக்கிறது" என்றால், அதற்கு மேலும் ஒரு கேள்வி கேளுங்கள்: மாரடைப்பைக் குறைக்கிறதா, சிறுநீரகத்தைக் காக்கிறதா, ஆயுளைக் கூட்டுகிறதா? சில புது மருந்துகள் அந்தக் கேள்விக்கு நன்றாகவே பதில் சொல்கின்றன. சொல்லாதவையும் நிறைய.

மழைக்காகிதம் எழுதியது:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் எந்தக் குழுவிலும் இல்லை. என் அம்மாவுக்கு வயது 74. நேற்று அவருடைய மாத்திரைப் பெட்டியை எண்ணினேன், ஒரு நாளைக்குப் பதின்மூன்று. மூன்று டாக்டர்கள் எழுதியது. நான்கு வருஷம் முன்பு பிரஷருக்கு அம்லோடிபின் மட்டும்தான். அப்புறம் கால் வீங்கியது, நீர் மாத்திரை வந்தது. அப்புறம் யூரிக் அமிலம் ஏறி மூட்டு வலித்தது, வலி மாத்திரை வந்தது. வலி மாத்திரைக்கு வயிறு எரிந்தது, அதற்கு ஒன்று. ராத்திரி சிறுநீருக்கு எழுந்து எழுந்து தூக்கம் போனது, தூக்க மாத்திரை. போன மாதம் குளியலறையில் விழுந்தார். இதில் எதையாவது நானே நிறுத்தலாமா?

இரவுப்பணி எழுதியது:

மழைக்காகிதம், முதலில் பதில்: நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை), ஸ்டீராய்டு, வலிப்பு மருந்து, பல நாள் சாப்பிட்ட தூக்க மாத்திரை இவற்றைத் திடீரென நிறுத்தினால் வேறு வம்பு வரும்.

ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் வரிசையை ஒரு தாளில் அப்படியே எழுதிக்கொண்டு போங்கள், தேதியோடு. நீங்கள் சொல்லும் கதை எங்களுக்குத் தெரிந்த கதை. மருந்தின் பக்கவிளைவைப் புது நோய் என்று நினைத்து இன்னொரு மருந்து எழுதுவது. அம்லோடிபின் கொடுத்தால் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். அது உடம்பில் நீர் அதிகமாகி வருவதில்லை; சின்ன ரத்தக் குழாய்கள் விரிவதால் நீர் திசுவுக்குள் கசிகிறது. அதனால் நீர் மாத்திரை அதற்குப் பெரிதாகக் கேட்காது. ஆனால் நீர் மாத்திரை யூரிக் அமிலத்தை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். வலி மாத்திரை பிரஷரைத் திரும்ப ஏற்றும். பிரஷருக்கு "பிரில்" என்று முடியும் மாத்திரையும் சேர்ந்து இருந்தால், அது, நீர் மாத்திரை, வலி மாத்திரை மூன்றும் கூடி வயதானவர்களின் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும்.

இதெல்லாம் உங்கள் அம்மாவுக்கு நடந்தது என்று இங்கிருந்து நான் சொல்ல முடியாது. இதய, சிறுநீரகக் காரணமும் இருக்கலாம். பெட்டியிலுள்ள எல்லாவற்றையும், கடையில் நேரடியாக வாங்கியதையும் லேகியம் சூரணத்தையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு ஒரே டாக்டரிடம் கொண்டுபோய்க் கொட்டுங்கள். "இதில் எது எதற்கு, எதை விடலாம்?" என்று கேளுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் குறைக்க வேண்டும், இரண்டு வாரம் பார்க்க வேண்டும்.

பழையஉரல் எழுதியது:

பெட்டியில் பாராசிட்டமால் எத்தனை இடத்தில் ஒளிந்திருக்கிறது என்றும் பாருங்கள், மழைக்காகிதம். காய்ச்சல் மாத்திரையில் ஒன்று, சளி மாத்திரையில் ஒன்று, வலி காம்பினேஷனில் ஒன்று. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு மொத்தம் 4 கிராம் தாண்டக்கூடாது, மெலிந்த வயதானவர்களுக்கு அதற்கும் குறைவாக. பிராண்டுப் பெயரை மட்டும் பார்க்கிறவருக்கு மூன்று வேறு மருந்து சாப்பிடுகிறோம் என்றுதான் தோன்றும். வேதிப் பெயரைப் பெரிய எழுத்தில் போடச் சொல்வது இதற்காகத்தான்.

தலைப்பிரட்டை எழுதியது:

சரி, நானும் ஒன்று ஒப்புக்கொள்கிறேன். தொண்டை கரகரத்தால் நான் மூன்று நாள் அசித்ரோமைசின் போட்டுக்கொள்வேன். எனக்கு அதுதான் கேட்கும். அந்தப் பட்டியலில் அது இருக்கிறதா இல்லையா? இருந்தால் நான் செய்வதில் என்ன தப்பு?

பழையஉரல் எழுதியது:

இருக்கிறது. ஆனால் எந்தக் கூட்டத்தில் என்று பாருங்கள்.

2017-இல் ஆன்டிபயாடிக்குகளை மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். முதல் கூட்டம் எல்லா இடத்திலும் எப்போதும் கிடைக்க வேண்டியவை: அமாக்சிசிலின், டாக்சிசைக்ளின், கோட்ரைமாக்சசோல் போன்றவை. இரண்டாவது கூட்டம் கண்காணித்துக் கொடுக்க வேண்டியவை. அசித்ரோமைசின், சிப்ரோஃப்ளாக்சசின், செஃபிக்சிம், செஃப்ட்ரியாக்சோன் எல்லாம் அங்கே. மூன்றாவது கூட்டம் கடைசிக் கையிருப்பு: கொலிஸ்டின், லினசோலிட். வேறு எதுவும் கேட்காதபோது மட்டும் எடுப்பது.

தொண்டைக் கரகரப்பு பெரும்பாலும் வைரஸ். நீங்கள் மாத்திரை போட்டாலும் போடாவிட்டாலும் ஒரு வாரத்தில் இறங்கும். மூன்றாவது நாள் இறங்கத் தொடங்கும் நேரத்தில் நீங்கள் மூன்றாவது மாத்திரையைப் போடுகிறீர்கள், பெயர் அதற்குப் போகிறது. முன்னாள்ரெப் சொன்ன எட்டுப் பேரில் நீங்களும் ஒருவர்! அசித்ரோமைசின் உடம்பைவிட்டுச் சீக்கிரம் போகாது, திசுக்களில் பல நாள் கொஞ்சம் கொஞ்சமாக நிற்கும். அந்தக் குறைந்த அளவில் உங்கள் தொண்டையிலும் குடலிலும் இருக்கும் கிருமிகள் அதை எதிர்க்கப் பழகுகின்றன. அது உங்களோடு நிற்பதும் இல்லை, வீட்டில் இருப்பவர்களுக்கும் போகும். மற்ற மருந்தைத் தேவையில்லாமல் சாப்பிட்டால் சாப்பிட்டவருக்குத்தான் கெடுதல். ஆன்டிபயாடிக் மட்டும் அப்படி இல்லை.

தலைப்பிரட்டை எழுதியது:

எட்டுப் பேரில் ஒருவன் என்று சொன்னது கொஞ்சம் வலிக்கிறது. யோசிக்கிறேன்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

பத்து நாளாக வரவில்லை, கணக்கில் மூழ்கிவிட்டேன். பழையஉரல் ஐயா தனிமடலில் சொன்ன இரண்டு வழிகளைப் போட்டுப் பார்த்தேன்.

முதல் வழி: போன வருஷம் எந்த மருந்துக்கு எவ்வளவு பணம் போனது என்று மேலிருந்து கீழாக அடுக்குவது. வழக்கமாக முதல் 10 முதல் 20 சதவீதப் பொருட்களே 70 முதல் 80 சதவீதப் பணத்தைத் தின்னும் என்றார். எங்களிடமும் அப்படித்தான். இரண்டாவது வழி: ஒவ்வொரு மருந்தையும் உயிர்காப்பது, அவசியமானது, இல்லாவிட்டாலும் நடக்கும் என்று மூன்றாகக் குறிப்பது. இதை டாக்டர்கள்தான் செய்ய வேண்டும், ஒவ்வொருவரும் தனித்தனியாக, பக்கத்துத் தாளைப் பார்க்காமல்.

இரண்டு தாளையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் வந்ததைப் பார்த்து அறையே அமைதியாகிவிட்டது. பணம் அதிகம் தின்னும் மேல்வரிசையில் "இல்லாவிட்டாலும் நடக்கும்" என்று மூன்று டாக்டர்களும் குறித்தவை ஆறு: ஒரு விட்டமின் ஊசி, இரண்டு இருமல் மருந்து, ஒரு கல்லீரல் டானிக், ஒரு என்சைம் சிரப், ஒரு வலி காம்பினேஷன். உயிர்காப்பது என்று எல்லோரும் குறித்த மருந்துகள் பெரும்பாலும் கடைசி வரிசையில், பணமே தின்னாமல். அட்ரீனலின் கிட்டத்தட்ட அடிமட்டத்தில். அதனால்தான் அது தீர்ந்ததை யாரும் கவனிக்கவில்லை. எங்கள் கொள்முதல் முறையில் பெரிய பணம் போகிற பொருளுக்குத்தான் கையெழுத்து, பரிசீலனை எல்லாம்.

அடுத்த ஆறு மாதத் தேவையையும் போட்டுவிட்டேன். மக்னீசியம் சல்ஃபேட் போன ஆறு மாதத்தில் 120 ஆம்பூல் போயிருக்கிறது, ஆக மாதம் 20. சரிதானே?

பழையஉரல் எழுதியது:

அந்த ஆறு மாதமும் அது ஸ்டாக்கில் இருந்ததா?

கணக்குப்பிள்ளை எழுதியது:

ஐயோ. இரண்டு மாதம் இல்லை.

பழையஉரல் எழுதியது:

அப்போது நான்கு மாதத்தில்தான் 120 போயிருக்கிறது. மாதம் 30. நீங்கள் 20 என்று வாங்கினால் மறுபடி இரண்டு மாதம் வெறுமையாக இருக்கும், அடுத்த வருஷம் அந்த வெறுமையையும் தேவைக் குறைவு என்று எழுதி அதே 20-ஐத்தான் வாங்குவீர்கள். பல இடங்களில் மருந்துத் தட்டுப்பாடு இப்படித்தான் வருஷா வருஷம் குட்டி போடுகிறது. கணக்குப் படித்தவர் என்பதால் இதற்கு மேல் சொல்லவில்லை.

பட்டியல் போடும்போது ஃபிரிட்ஜையும் நினைவில் வையுங்கள். பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கைத் தடுக்கும் ஆக்சிடோசின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். மின்சாரம் போய்ப் போய் வரும் இடத்தில் ஆம்பூல் இருக்கும், மருந்தின் வேலை இருக்காது. வெப்பம் தாங்கும் கார்பெடோசினை 2019-இல் மாதிரிப் பட்டியலில் சேர்த்ததற்கு இதுதான் காரணம். மருந்து நல்லதா என்பதோடு, அது உங்கள் அலமாரியில் நல்லதாகவே இருக்குமா என்பதும் தேர்வில் ஒரு கேள்வி.

முன்னாள்ரெப் எழுதியது:

அந்த வலி காம்பினேஷனில் எத்தனை மருந்து?

கணக்குப்பிள்ளை எழுதியது:

மூன்று. பாராசிட்டமால், ஒரு வலி மருந்து, ஒரு தசைத் தளர்ச்சி மருந்து.

இரவுப்பணி எழுதியது:

எல்லாக் காம்பினேஷனையும் ஒரே கோட்டில் வெட்டிவிடாதீர்கள். காசநோய்க்கு நான்கு மருந்து ஒரே மாத்திரையில் வருவது பெரிய வரம். நோயாளி ஒன்றை விட்டு ஒன்றைச் சாப்பிட முடியாது, கிருமி மருந்தை எதிர்க்கப் பழகும் வாய்ப்பும் குறையும். எச்ஐவிக்கும் மலேரியாவுக்கும் அப்படித்தான். பார்கின்சன் நடுக்க நோய்க்கான லெவோடோபாவோடு கார்பிடோபா சேர்வதற்கு வேதியியல் காரணமே இருக்கிறது. சேர்ந்தால் தனித்தனியாகக் கொடுப்பதைவிட நன்மை உண்டா, ஒவ்வொன்றின் அளவும் இந்த நோயாளிக்குப் பொருந்துமா என்று பாருங்கள். உங்கள் வலி மாத்திரையில் ஒன்றின் அளவைக் கூட்ட வேண்டுமென்றால் மூன்றையும் கூட்டியாக வேண்டும். அங்கேதான் அது தோற்கிறது.

மழைக்காகிதம் எழுதியது:

அம்மாவைப் பையோடு அழைத்துப் போனேன். டாக்டர் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பார்த்தார். வலி மாத்திரையை அன்றே நிறுத்தச் சொன்னார். அம்லோடிபினைப் பாதியாக்கி வேறொன்று சேர்த்திருக்கிறார், நீர் மாத்திரையை அடுத்த முறை பார்க்கலாம் என்றார். தூக்க மாத்திரையைப் பல வாரங்களில் மெல்லக் குறைக்கத் திட்டம் எழுதிக் கொடுத்தார். இப்போது பதினொன்று. அம்மாவுக்குத்தான் திருப்தி இல்லை, "டாக்டர் ஒன்றுமே எழுதவில்லையே" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

பழையஉரல் எழுதியது:

அந்த வாக்கியத்தைக் கேட்காத மருந்தகம் கிடையாது. ஒரு குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று வருவார்கள். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலமும் துத்தநாக மாத்திரையும் கொடுத்தால் "இவ்வளவுதானா? டிரிப்ஸ் இல்லையா?" என்பார்கள். அந்தப் பொட்டலத்துக்குள் இருக்கும் யோசனை சாதாரணமானது இல்லை. வயிற்றுப்போக்கிலும் குடலில் குளுக்கோஸ் உள்ளே போகும்போது சோடியத்தையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும் வழி கெடாமல் இருக்கிறது. அவற்றின் பின்னால் தண்ணீர் போகிறது. அதனால்தான் அளவு முக்கியம், சர்க்கரையைக் கூட்டிப் போட்டால் தண்ணீர் எதிர்த் திசையில் வரும். 2000-களின் தொடக்கத்தில் கரைசலின் செறிவை லிட்டருக்கு 311 மில்லிஆஸ்மோலிலிருந்து 245-ஆகக் குறைத்தார்கள், வாந்தியும் டிரிப்ஸ் தேவையும் குறைந்தன. இதை நோயாளியிடம் இரண்டு நிமிஷம் சொல்ல நேரம் இருந்தால் டிரிப்ஸ் கேட்க மாட்டார். நேரம் இல்லாததால் டிரிப்ஸ் போடுகிறோம், அதற்கு இரண்டு மணி நேரம் ஆகிறது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

கூட்டம் முடிந்தது. முடிவைச் சொல்கிறேன் என்று வாக்கு கொடுத்திருந்தேன்.

231-இலிருந்து 146. டாக்டர்களில் ஒருவர் கடைசிவரை இரண்டு இருமல் மருந்துகளையும் விட்டுத்தரவில்லை. அரை மணி நேரம் சண்டை. ஒன்றை வைத்து ஒன்றை எடுத்தோம். இது மருத்துவ முடிவு இல்லை, சமாதான முடிவு என்று எல்லோருக்கும் தெரியும். ஆறு மாதம் கழித்து மறுபடி பார்ப்போம் என்று குறிப்பில் எழுதியிருக்கிறேன். என்சைம் சிரப், கல்லீரல் டானிக், விட்டமின் ஊசி, வலி காம்பினேஷன் நான்கும் வெளியே. பட்டியலில் இல்லாத மருந்து வேண்டுமென்றால் டாக்டர் ஒரு படிவத்தில் நோயாளி, காரணம், பட்டியலில் உள்ளது ஏன் போதாது என்று மூன்று வரி எழுத வேண்டும். தடை இல்லை. தலைப்பிரட்டை கேட்ட கை கட்டும் விஷயத்துக்காக வைத்தது இது. முதல் இரண்டு வாரத்தில் வந்த படிவம் நான்கு. அதில் ஒன்று நியாயமானது, அந்த மருந்தைப் பட்டியலில் சேர்த்துவிட்டோம்.

வலிப்பு மருந்துகளுக்கு ஒரே தயாரிப்பு என்று எழுதிவிட்டோம். உயிர்காப்பவை பதினெட்டுக்கும் தனித் தட்டு, சிவப்பு அட்டை. தினமும் காலையில் நர்ஸ் எண்ணிக் கையெழுத்துப் போட வேண்டும். முதல் நாளே அட்ரீனலின் பெட்டிக்கு யாரோ பொறுப்பாகப் பூட்டுப் போட்டுச் சாவியை வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார்கள்! இப்போது பூட்டு இல்லை.

தலைப்பிரட்டை எழுதியது:

அசித்ரோமைசின்?

கணக்குப்பிள்ளை எழுதியது:

146-இல் இருக்கிறது. சீட்டில் காரணம் எழுத ஒரு கட்டம் வைத்திருக்கிறோம். "தொண்டை கரகரப்பு" என்று எழுதினால் மருந்தாளுநர் டாக்டருக்குத் திரும்ப போன் பண்ணுவார்.